ஒரு ‘சரி’யின் விலை 7,910 ரூபாய்

மதியம் 12.50. திருச்சியை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியின் ஆசிரியர் அறை. அக்கா டிபன் பாக்ஸைத் திறந்து முதல் வாய் தயிர் சாதத்தை எடுக்கும்போது போன் அடித்தது. காலையில் காரை விட்டுவிட்டு வந்த சர்வீஸ் சென்டரிலிருந்து அட்வைசர்.

“மேடம், வண்டி மேல ஏத்தியாச்சு. த்ராட்டில் பாடில கார்பன் புடிச்சிருக்கு. இன்ஜெக்டரும் கிளீன் பண்ணிட்டா மைலேஜ் நல்லாருக்கும். ஏசில ஸ்மெல் வராம ஒரு ட்ரீட்மென்ட் குடுத்துடலாம். அண்டர்பாடி கோட்டிங் போடலன்னா மழைக்குத் துரு ஏறிடும். இன்ஜின் ஃப்ளஷ், ஏர் ஃபில்டர்... ஓகேவா மேடம்?”

அவர் பேச்சுக்குப் பின்னால் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது. மணியடிக்க இன்னும் பத்து நிமிஷம்தான். “இதெல்லாம் அவசியமாப்பா?” என்று அக்கா கேட்டார். “பண்ணிட்டா வண்டிக்கு நல்லது மேடம்.” அக்கா ஒரு நொடி யோசித்தார். “சரி.”

சாயங்காலம் வண்டியை எடுக்க நானும் கூடப் போனேன். பில் 13,680 ரூபாய். ஆயில், ஆயில் ஃபில்டர், வாஷர் 2,150. சர்வீஸ் கூலி 1,900. வீல் அலைன்மென்ட், பேலன்சிங் 1,100. ஏசி ஃபில்டர் 620. இதுவரை 5,770 ரூபாய். மீதி 7,910 ரூபாயும் அந்த மதியச் ‘சரி’யில் வந்தது: இன்ஜின் ஃப்ளஷ் 650, இன்ஜெக்டர் கிளீனிங் 1,250, த்ராட்டில் பாடி 980, ஏசி கிளீனிங் 1,650, அண்டர்பாடி கோட்டிங் 2,900, ஏர் ஃபில்டர் 480.

கழற்றிய பழைய ஏர் ஃபில்டர் எங்கே என்று கேட்டேன். ஸ்கிராப்பில் போட்டுவிட்டார்களாம். சாவியைக் கொடுக்கும்போது அட்வைசர் அக்காவிடம் தணிந்த குரலில் சொன்னார்: “மேடம், கம்பெனிலேர்ந்து போன் வரும். 10க்கு 10 போட்டுடுங்க மேடம், ப்ளீஸ்.”

மறுநாள் காலை வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு, போன் டார்ச்சை அடித்து வண்டியின் அடிப்பாகத்தைப் பார்த்தேன். கன்னங்கரேலென்று பூச்சு அடித்திருந்தார்கள். பின் சக்கரத்துக்கு உள்பக்கம் ஓரிடத்தில் மட்டும் மேடு தட்டியது. நகத்தால் சுரண்டினேன். பூச்சு தோலாக உரிந்து வந்தது. அதனோடு ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துச் சாலையின் செம்மண்ணும் வந்தது. மண்ணைக் கழுவாமல் அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள். ஈர மண்ணை உலோகத்தோடு சேர்த்து மூடிவிட்டால் துரு நிற்காது, உள்ளே ஏறும். 2,900 ரூபாய் கொடுத்து அதைத்தான் வாங்கியிருந்தோம்.

டேஷ்போர்டுக்குள் தூங்கும் புத்தகம்

கார் வாங்கும்போது கூடவே ஓனர்ஸ் மேனுவல் என்ற கையேட்டைத் தருகிறார்கள். அக்காவின் கையேடு ஐந்து வருஷமாகப் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. அதன் கடைசிப் பக்கங்களில் ஓர் அட்டவணை உண்டு. எத்தனை கிலோமீட்டரில், அல்லது எத்தனை மாதத்தில், எதைப் பார்க்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று அந்தக் காரை வடிவமைத்தவர்களே எழுதியது. சர்வீஸ் விஷயத்தில் அதைவிட நம்பகமான ஒரு தாள் கார்க்காரர் கையில் கிடையாது.

அந்த அட்டவணையையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக விரலால் தொட்டுப் பார்த்தோம். இன்ஜின் ஃப்ளஷ் இல்லை. இன்ஜெக்டர் கிளீனிங் இல்லை. ஏசி ட்ரீட்மென்ட், அண்டர்பாடி பூச்சு, த்ராட்டில் பாடி எதுவும் இல்லை. ஏர் ஃபில்டர் இருந்தது. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சுத்தம் செய், 40,000-ல் மாற்று என்று. அக்காவின் வண்டி ஓடியிருந்தது 32,000. முந்தைய வருஷப் பில்லைத் தேடி எடுத்தேன். 24,000-லும் அதே ஃபில்டரை மாற்றியிருந்தார்கள். எட்டாயிரம் கிலோமீட்டரில் ஒரு ஃபில்டர் குப்பைக்குப் போயிருக்கிறது.

இந்த வேலைகள் எல்லாமே மோசடி என்று நான் சொல்லவில்லை. சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் ஏறி இறங்கித் தடுமாறினால் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். ஏசி போட்டவுடன் ஈரத்துணி வாடை அடித்தால் எவாப்பரேட்டரைக் கழுவ வேண்டும். கடலோர ஊர்களில் அடிப்பாகப் பூச்சுக்கு அர்த்தம் உண்டு, ஒழுங்காகக் கழுவிக் காயவைத்து அடித்தால். அக்காவின் வண்டியில் இந்தத் தொந்தரவு ஒன்றுகூட இல்லை. காய்ச்சல் இல்லாத பிள்ளைக்கு ஊசி போட்ட கதைதான்.

அட்டவணையில் இன்னொரு வரி என்னை நிறுத்தியது. பிரேக் ஆயில்: இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்று. ஐந்து வருஷப் பில்களையும் தரையில் பரப்பித் தேடினோம். ஒன்றில்கூட இல்லை.

[பெட்டிச் செய்தி: கையேட்டை எப்படிப் படிப்பது?]

பெரும்பாலான கையேடுகளில் சர்வீஸ் அட்டவணை ஆங்கில எழுத்துகளில் இருக்கும். ‘ஐ’ என்றால் பார்த்துத் தேவைப்பட்டால் சரிசெய்ய வேண்டும். ‘ஆர்’ என்றால் மாற்றியே ஆக வேண்டும். ‘ஐ’ போட்ட இடத்தில் ஒரு பாகத்தை மாற்றச் சொன்னால், ஏன் என்று காரணம் கேளுங்கள். கழற்றியதைக் காட்டச் சொல்லுங்கள்.

கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. குறைவாக ஓடும் வண்டிக்கு மாதக் கணக்கு முக்கியம்.

அடிக்கடி குட்டி குட்டிப் பயணம், புழுதிச் சாலை, நெரிசல், மலைப் பாதை என்று ஓடும் வண்டிகளுக்குத் தனி அட்டவணை இருக்கும். உங்கள் வண்டி அதில் வருகிறதா என்று பாருங்கள்.

புது வண்டியின் முதல் சில ‘ஃப்ரீ சர்வீஸ்’களில் கூலி மட்டுமே இலவசம். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு.

எழுபது கொண்டைஊசி வளைவு

திருச்சி பாலக்கரையில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். பானெட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றி, பேனா மாதிரி ஒரு டெஸ்டரை உள்ளே விட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. சிரிஞ்சில் கொஞ்சம் உறிஞ்சி, ஒரு வெள்ளைத் துணியில் சொட்டுவிட்டுக் காட்டினார். புது ஆயில் எண்ணெய்க் குப்பியில் இருக்கும் நல்லெண்ணெயைவிட வெளுப்பாக இருக்கும். இது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது.

“டீச்சரம்மா, போன ஆடியில கொல்லிமலை போயிட்டு வந்தேன்னு சொன்னீங்களே, இதே ஆயில்லதானா?”

இதே ஆயிலில்தான். அக்கா, மாமா, இரண்டு பிள்ளைகள், மாமாவின் அம்மா. ஐந்து பேர். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டைஊசி வளைவுகள். இறங்கும்போது காலை பிரேக்கிலிருந்து எடுக்க விடாத பாதை.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதன் இயல்பே அது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. தண்ணீர் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 ஆயிலுக்கு 230 என்பது 155 ஆகிறது. மலையிறக்கத்தில் விடாமல் பிரேக்கை மிதித்தால் அந்தச் சூடு சாதாரணமாக எட்டக்கூடியது. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால் நாம் மிதிக்கும் மிதி குமிழியை நசுக்குவதிலேயே செலவாகி, பெடல் பஞ்சுபோலத் தரையைத் தொடும். சக்கரத்தில் பிடிப்பு இருக்காது.

ஆயிலும் கூலியும் சேர்த்து 700 ரூபாயில் அண்ணன் மாற்றிக் கொடுத்தார்.

சர்வீஸ் சென்டர்களைப் பற்றிய பேச்சு எப்போதும் ‘எவ்வளவு பிடுங்கினான்’ என்பதோடு நின்றுவிடுகிறது. 7,910 ரூபாய் எனக்கும் வலிக்கிறது. அதைவிட அதிகமாகப் பயமுறுத்துவது அந்த 700 ரூபாய் வேலை யார் கண்ணிலும் படாமல் ஐந்து வருஷம் கிடந்ததுதான். பில்லைப் பெருக்குவதற்காகப் பார்க்கிற கண்ணுக்கு, பில்லில் பெரிதாகச் சேராத வேலை தெரிவதில்லை. ஒருமுறை ஏமாந்ததாக உணர்கிற குடும்பம் அடுத்து என்ன செய்கிறது? ‘ஓடுற வரைக்கும் ஓடட்டும்’ என்று சர்வீஸையே விட்டுவிடுகிறது. என் தெருவிலேயே அப்படி மூன்று வண்டிகளை என்னால் காட்ட முடியும். தேய்ந்த பிரேக் பேடும் பழைய ஆயிலுமாக அவை நெடுஞ்சாலையில் போகின்றன. அந்தச் செலவு அவர்களோடு நிற்காது. எதிரே வருகிறவரும் கொடுக்க வேண்டிவரும்.

மேஜைக்கு அந்தப் பக்கம்

அந்த அட்வைசரை இரண்டு வாரம் கழித்து டீக்கடையில் பார்த்தேன். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்த பையன். கோபத்தோடு ஆரம்பித்த நான் கொஞ்ச நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கத்தான் முடிந்தது. ஒரு நாளைக்கு அவர் பெயரில் பத்துப் பன்னிரண்டு ஜாப் கார்டு. ஒவ்வொன்றிலும் இத்தனை ரூபாய்க்குக் கூடுதல் வேலை எடுக்க வேண்டும் என்று மாதக் குறி உண்டு. அந்தக் கூடுதல் வேலைக்கு வி.ஏ.எஸ்., அதாவது ‘வேல்யூ ஆடட் சர்வீஸ்’ என்று பெயர். குறியை எட்டினால் இன்சென்டிவ். “எட்டலன்னா மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நிக்கணும் சார்” என்றார். பிரேக் ஆயிலைப் பற்றிக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். அது அந்தக் கணக்கில் வராதாம்.

இந்தக் குறி எங்கிருந்து வருகிறது என்பது ரகசியமில்லை. புதுக் கார் விற்பதில் டீலருக்குக் கிடைக்கும் லாபம் மெல்லியது. போட்டிக்காகத் தள்ளுபடி கொடுத்தபின் இன்னும் மெலிகிறது. பிரதான சாலையில் கண்ணாடி மாளிகைக்கு வாடகை, வண்டி நிறுத்த இடம், வங்கி வட்டி. இவற்றையெல்லாம் தூக்கிச் சுமப்பது சர்வீஸும் உதிரிபாகமும் இன்ஷூரன்ஸ் கமிஷனும்தான். உட்கார்ந்து யோசித்தால், ஷோரூமில் நாம் சண்டைபோட்டு வாங்கிய தள்ளுபடியில் ஒரு பங்கை வருஷா வருஷம் பின்கதவு வழியாகத் திருப்பிக் கொடுக்கிறோம். அந்தப் ‘10க்கு 10’ போன் அழைப்பில் மதிப்பெண் குறைந்தாலும் அடி விழுவது அதே பையன் மேல்தான். குறியை எழுதியவருக்கு அந்த மதிப்பெண் போய்ச் சேர்வதில்லை.

நான் அவருக்காகப் பரிந்து பேசுவது ஒரு காரணத்துக்காக. எதிரே இருப்பவரைத் திருடனாகப் பார்த்துப் பேசினால் குரல்தான் உயரும், பில் குறையாது. ‘அட்டவணையில் இருப்பதை மட்டும் செய்யுங்கள்; வேறு எதுவானாலும் என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுச் செய்யுங்கள்’ என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லிவிட்டால், அவருக்கும் மேலே காட்ட ஒரு காகிதம் கிடைக்கிறது.

‘வெளியே விட்டா வாரண்டி போயிடும்’

கார்க்காரர்களைக் கட்டிப்போட்டிருக்கும் கயிறு இந்த ஒரு வாக்கியம். இது எவ்வளவு தூரம் உண்மை?

2011-ல் ஒரு வாடிக்கையாளர் இந்தியப் போட்டி ஆணையத்தில் மூன்று கார் நிறுவனங்கள் மீது புகார் கொடுத்தார். உதிரிபாகங்களை வெளிச் சந்தையில் கிடைக்கவிடாமல் செய்கிறார்கள், அதனால் அவர்கள் சொன்னதே விலையாகிறது என்பது புகார். விசாரணை மற்ற நிறுவனங்களுக்கும் விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நாட்டில் ஓடும் பெரும்பாலான கார்களின் பெயர்கள் அந்தப் பட்டியலில் இருந்தன.

அபராதத்தைவிட அதனோடு வந்த கட்டளைகள் முக்கியமானவை. உதிரிபாகமும் பழுது கண்டறியும் கருவியும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க வழிசெய்ய வேண்டும். வெளியே வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்வோம் என்று பொதுவாக நிபந்தனை போடக் கூடாது. வெளியே நடந்த தவறான வேலையால் சேதம் வந்திருந்தால், அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம்.

நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று நிறுவனங்களின் வழக்கில் அபராதத்தைக் குறைத்தது. தவறு நடந்தது என்ற முடிவை மாற்றவில்லை. நீதிமன்றப் படிகளில் விஷயம் வருஷக்கணக்கில் ஏறியபடி இருக்க, கவுன்ட்டரில் அந்தப் பழைய வாக்கியம் மட்டும் அப்படியே ஒலிக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கு ஒரு குழு அமைத்து, அந்த வருஷக் கடைசியில் இணையதளமும் தொடங்கியது. செல்போன், வீட்டுச் சாதனம், விவசாயக் கருவி ஆகியவற்றோடு வாகனங்களும் அதில் உண்டு. நல்ல தொடக்கம். ஆனாலும் சட்டமாக வராதவரை கவுன்ட்டரில் அதைக் காட்டி வாதாட முடியாது.

என் யோசனை இது. வாரண்டி இருக்கும்வரை கம்பெனி சர்வீஸிலேயே விடுங்கள், அட்டவணையில் உள்ளதை மட்டும். கியர் பாக்ஸோ இன்ஜினோ போய் உரிமை கேட்டு நிற்கும் நாளில், தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடும் தெம்பு எல்லாருக்கும் இருக்காது. வாரண்டி முடிந்த மறுநாள் உங்கள் கால் சுதந்திரமானது. அக்காவின் கூடுதல் வாரண்டியும் அந்த வருஷம்தான் முடிந்திருந்தது.

[பெட்டிச் செய்தி: கையில் இருக்கும் பிடிமானம்]

பில் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி முறையற்ற வணிக நடவடிக்கை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. முதலில் இங்கே பதிவு செய்தாலே பல தகராறுகள் பேச்சில் தீர்ந்துவிடும்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. பிரச்சினை நடந்த 2 வருஷத்துக்குள் போக வேண்டும். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை.

உதிரிபாகங்களில் பலவற்றுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். பில்லில் சரிபாருங்கள்.

தயாரிப்புக் குறைக்காக நிறுவனம் வண்டியைத் திரும்ப அழைத்தால் அந்த வேலை முற்றிலும் இலவசம். வாரண்டி முடிந்திருந்தாலும் போகலாம்.

பட்டறைக்குப் போனால் எல்லாம் சரியா?

அவ்வளவு எளிதில்லை. சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு மாலை நடந்தால் போதும், ஒரே பாகம் எத்தனை பெட்டிகளில் வருகிறது என்று தெரியும். கார் நிறுவனத்தின் பெயர் போட்ட பெட்டி. அந்த நிறுவனத்துக்கே செய்து கொடுக்கும் தொழிற்சாலை தன் சொந்தப் பெயரில் விற்கும் பெட்டி. இரண்டையும் பார்த்து அச்சடித்த போலிப் பெட்டி. முதல் இரண்டில் எதை வாங்கினாலும் பயமில்லை, இரண்டாவது பெரும்பாலும் விலை குறைவு. பாடியும் ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் நம் மாநிலத்தில்தான் இருக்கின்றன. நாடெங்கும் ஓடும் கார்களின் பிரேக்கும் விளக்கும் ஸ்டார்ட்டரும் செய்கிற மண் இது. அந்த மண்ணிலேயே போலி பிரேக் பேடு விற்கிறது என்பதைத்தான் தாங்க முடியவில்லை. தெரிந்த கடையில், ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்குங்கள். ஆயில் என்றால் சீல் உடைக்காத டப்பா, கண் முன்னால் திறக்க வேண்டும். கிரேடு கையேட்டில் சொன்னதாக இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் கம்ப்யூட்டர். இன்றைய காரில் ஏர்பேக், ஏ.பி.எஸ்., இன்ஜின் எல்லாமே சென்சாரால் பேசுகின்றன. பாலக்கரை அண்ணனிடம் இருக்கும் ஸ்கேனர் இன்ஜின் கோளாறைப் படிக்கும். சில கார்களின் ஸ்டியரிங் சென்சாரையோ சாவியையோ அதனால் தொட முடியாது. அந்த மாதிரி வேலை வந்தால் “இத கம்பெனிலயே காட்டிடுங்க” என்று அவரே அனுப்பிவிடுகிறார். முப்பது வருஷம் கைபழகிய ஒரு மனிதர், ஒரு மென்பொருள் தரப்படாததால் தோற்று நிற்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. ஆணையம் 2014-லேயே கொடுக்கச் சொன்ன கருவிகளில் அதுவும் ஒன்று. அவர் மகன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இந்தப் பட்டறைக்கு வர மறுக்கிறான்; கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான்.

ஆசிரியர் அறையில் மறுபடி ஒரு போன்

இந்த வருஷ சர்வீஸ் போன மாதம் வந்தது. அட்டவணையில் பார்க்க வேண்டியவை நிறைய இருந்ததால், கம்பெனியிலேயே ஒருமுறை விட்டுப் பார்ப்போம் என்று அக்காதான் சொன்னார். முதல் நாள் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் கையேட்டைப் பிரித்து, சிவப்புப் பேனாவால் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். விடைத்தாள் திருத்தும் அதே பேனா. ‘ஐ’ எல்லாம் இடப்பக்கம், ‘ஆர்’ எல்லாம் வலப்பக்கம். பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று கடைசி வரி. காலையில் அந்தத் தாளை ஜாப் கார்டோடு பின் அடிக்கச் சொல்லி, இரண்டையும் போனில் படம் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார்.

மதியம் போன் வந்தது. அதே சென்டர், வேறு பையன். இன்ஜெக்டர், ஏசி, கோட்டிங். அதே வரிசை.

“தம்பி, எந்தெந்த வேலை, என்ன ரேட்டுன்னு வாட்ஸ்அப்ல போடுங்க. கழட்டினத போட்டோ எடுத்து அனுப்புங்க. நாலரைக்கு நான் நேர்ல வந்து பாக்குறேன். அதுவரைக்கும் தாள்ல இருக்கறத மட்டும் பண்ணுங்க.”

அந்தப் பக்கம் சிறிது நேரம் கம்ப்ரசர் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “ஓகே மேடம். தாள்ல பிரேக் பேடு ‘ஐ’ல போட்டிருக்கீங்க, ஆனா முன்பக்கம் ரெண்டு மில்லிமீட்டர்தான் இருக்கு. போட்டோ அனுப்புறேன்” என்றான்.

போட்டோ வந்தது. ஸ்கேல் வைத்து எடுத்திருந்தான். அக்கா அதை எனக்கு அனுப்பினார், நான் பாலக்கரைக்கு அனுப்பினேன். “பையன் சரியாத்தான் சொல்றான், மாத்திடச் சொல்லுங்க” என்று அண்ணன் பதில் போட்டார். அக்கா அந்தச் சென்டருக்குத் திருப்பி அழைத்து, சரி என்றார்.